ஏழுக்குக் கீழே

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் இப்போது பணிபுரியும் மூவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இனி ஆய்வகத்தில் சேரும் ஒவ்வொருவரும் சிறிதளவாவது பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதப் பழக வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறதாம். புதியவர்களுக்காக ஒரு பாடக் குறிப்பு தயாரிக்கிறார்கள். "இஃப், எல்ஸ் பத்தி நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க மேரிக்கா. அம்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டவங்க நீங்க. உங்க கதையைப் படிச்சா பயப்பட மாட்டாங்க" என்றார்கள். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து முன்னால் நின்றுகொண்டது. அதை விட்டுவிட்டு இஃப் பற்றி என்னால் எழுத முடியாது.

நான் வரதராசன்பேட்டையில் பிறந்தவள். அப்பா, சித்தப்பா இருவரும் பள்ளி ஆசிரியர்கள் என்பதால் வீட்டில் படிப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். திருச்சியில் ஆய்வக நுட்பம் படித்தேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில், குன்னத்துக்கு இப்பால், ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி இவ்வளவு போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைச் சீராகத் தேய்ப்பதற்கே எனக்கு நெடுநாள் பிடித்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நிபந்தனைக் கூற்று என்று பாடப்புத்தகம் சொல்வதை அது என்னவென்று தெரியாமலேயே நாங்கள் நாள் முழுவதும் செய்துகொண்டிருந்தோம். குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் மறுபடி எடு. குளிர்பெட்டி எட்டு டிகிரியைத் தாண்டினால் வேதிப்பொருளைப் பயன்படுத்தாதே. அந்த வேலைக்கு ஒரு மொழி உண்டு என்பது கடைசி ஆண்டுகளில்தான் தெரிந்தது.

எங்கள் தலைமை மருத்துவர் மங்கையர்க்கரசி. மகப்பேறு மருத்துவர். டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் அழைப்போம். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் நின்றுகொண்டேதான் கேட்பார். உட்கார்ந்தால் மனம் பாதியில் வேறெங்கோ போய்விடும் என்பார். ஒருவர் சொல்லி முடித்ததும் உடனே பதில் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டுவார். அதற்குள் சொன்னவருக்கே தன் தவறு தெரிந்து, "இல்லம்மா, ஒரு தடவை பாத்துட்டு வரேன்" என்று திரும்பிவிடுவார். அவர் திட்டியதாக யாரும் சொன்னதில்லை. அவர் கண்ணாடி துடைத்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொள்வோம்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. ஆய்வகத்திலிருந்து எந்த எண்ணும் எழுத்தாக மட்டும் போகக்கூடாது. பார்த்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்த்தவர் "சரி" என்ற பிறகுதான் அது சீட்டில் ஏறும். கணினி வந்தபோது, இனி இது எதற்கு என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "கம்ப்யூட்டருக்குக் காது இல்லீங்க. நமக்கு இருக்கு" என்றார். வழக்கம் தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். குன்னத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து காலை முதல் பஸ்ஸிலேயே வரத் தொடங்குவார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் பறிக்கும் காலத்தில் வேலைக்குப் போகும் வழியில் வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு நேரே காட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. டாக்டரம்மா முதலில் எல்லோரையும் பரிசோதித்துவிடுவார். பிறகு நாங்கள் ரத்தம் எடுப்போம். முடிவு வந்ததும் பதிவு மேசையில் ஒரு சீட்டு கிடைக்கும். ஹீமோகுளோபின் அளவும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற ஒற்றை வரியும் அதில் இருக்கும். அந்த வரிக்காக மேசையில் மூன்று அடுக்குகளாக அச்சடித்த சீட்டுகள் இருந்தன. அளவு பதினொன்றும் அதற்கு மேலும் என்றால் கவலையில்லை. பதினொன்றுக்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரை, ஒரு மாதம் கழித்து வர வேண்டும். ஏழுக்குக் கீழே என்றால் உடனே பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரி.

எங்கள் மருத்துவமனையில் எல்லாப் பொருளுக்கும் ஒரே ஒழுங்குதான்: அதிகம் தேவைப்படுவது கைக்கு அருகில். குழாய்த் தட்டு, மருந்து அலமாரி, சீட்டு அடுக்கு எல்லாமே அப்படித்தான். கவலையில்லை என்ற சீட்டுகளும் மாத்திரைச் சீட்டுகளும் தடித்த அடுக்குகளாக முன்னால் இருக்கும். "உடனே அனுப்பவும்" என்ற மெல்லிய அடுக்கு சுவரோரம் பின்னால் இருக்கும். கூட்டம் நெரியும் நாளில் சீட்டு மாறிவிடும் அபாயம் இருந்ததால்தான், எண்ணைத் தட்டினால் சரியான வரி அச்சாகி வரும்படி செய்யலாமா என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் கேட்டது ஷகிலாவிடம். பதிவு மேசையில் இருந்த ஷகிலா லெப்பைக்குடிக்காட்டுக்காரர். கணினி அறிவியலில் பட்டம் பெற்று, திருமணமாகி, இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் நாங்கள் ஒரே சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்து உண்ணும் தோழிகள். "நான் மட்டும் எழுதுனா சரியா வராது அக்கா. ஆய்வகத்துல எது எதுக்கு என்ன பண்ணுவீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களும் கத்துக்கங்க" என்றார். பிற்பகலில் ஆய்வகம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பாடம் தொடங்கியது.

முதல் பாடம் குளிர்பெட்டி. வெப்பம் எட்டுக்கு மேல் போனால் 'சூடு' என்றும், இல்லையென்றால் 'நலம்' என்றும் சொல்ல வேண்டும். ஷகிலா 'இப்படி இருந்தால்' என்று பொருள்படும் இஃப் என்ற சொல்லைத் தட்டி, நிபந்தனையை எழுதி, வரியின் முடிவில் இரண்டு புள்ளிகள் கொண்ட குறியை இட்டார். அடுத்த வரி தானாகவே சற்று உள்ளே தள்ளி நின்றது. நான் அதை அழகுக்காக என்று நினைத்து, இடப்பக்கம் இழுத்து நேராக்கிவிட்டேன். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"அய்யோ, அதை ஏன்க்கா இழுத்தீங்க?"

"கோணலா நின்னுச்சும்மா. நேரா வச்சேன்."

"அது கோணல் இல்லக்கா. உள்ள தள்ளி நின்னாத்தான் அந்த வரி இஃபுக்குச் சொந்தம். வெளியே இழுத்துட்டா அனாதை ஆயிரும்."

சொந்தம் என்ற சொல் எனக்குப் பிடித்துப் போயிற்று. இன்றும் பைத்தானில் ஒரு வரி உள்ளடங்கி நிற்பதைப் பார்த்தால், இது யாருக்குச் சொந்தம் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் கற்பவர்களும் அப்படிக் கேட்டுப் பழகுவது நல்லது.

அடுத்து நான் கேட்டது, "எட்டுக்கு மேலன்னு எழுதிட்டே. எட்டே இருந்தா?" என்று. ஷகிலா எட்டு என்று தட்டிக் காட்டினார். 'நலம்' என்றது. "எட்டு வரைக்கும் நலம்தானேக்கா?" "எங்க விதிப்படி நலம்தான். ஆனா அதை நாமதான் சொல்லணும், இல்ல?" என்றேன். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. கோட்டின் மேலேயே வந்து நிற்கிறவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒருநாள் காலை வெப்பத்தையும் மாலை வெப்பத்தையும் தட்டி வாங்கி, எது சிறியது என்று சொல்லவைத்தோம். காலையில் ஏழு, மாலையில் பத்து. பத்துதான் சிறியது என்றது கணினி. நான் சிரித்துவிட்டேன். "இது பள்ளிக்கூடம் போகல போலருக்கே!" ஷகிலாவும் சிரித்தார். "போயிருக்குக்கா. அ, ஆவன்னா மட்டும் படிச்சுட்டு வந்துருச்சு. நாம தட்டி வாங்குற எதையும் அது எழுத்தாத்தான் புடிக்கும். பத்துல முதல்ல ஒண்ணு இருக்கா? முதல் எழுத்தை மட்டும் பாத்தா ஒண்ணு ஏழுக்கு முன்னாடிதானே வரும்? இது எண்ணுன்னு நாமதான் மாத்திக் குடுக்கணும்." மாற்றிக் கொடுத்ததும் ஒழுங்காகச் சொன்னது. அந்தப் பிற்பகல்களில் நான் இளமையாகிவிட்டதாக எழுதினால் அது மிகை. ஆனால் மூன்று மணிக்காகக் காத்திருந்தேன் என்பது உண்மை.

பிறகு கர்ப்பிணிகளுக்கான கணினி நிரலை எழுதினோம். டாக்டரம்மா வழக்கம்போல் நின்றுகொண்டே சொன்னார்: "பதினொண்ணும் அதுக்கு மேலயும்னா ஒண்ணுமில்ல. பதினொண்ணுக்குக் கீழன்னா மாத்திரை. ஏழுக்குக் கீழன்னா உடனே பெரம்பலூர்." ஷகிலா அதை அப்படியே இஃப், 'இல்லாமல் இப்படி இருந்தால்' என்னும் எலிஃப், மறுபடி எலிஃப் என்று மூன்று வரிகளாக எழுதினார். நான் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தேன். அன்று ஆய்வகத்தில் வந்திருந்த எண்களையெல்லாம் இட்டுப் பார்த்தோம். பன்னிரண்டு, பத்து, ஒன்பதரை. எல்லாமே சரியாக வந்தன. டாக்டரம்மாவும் இரண்டு எண்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்காமலேயே போனார். எங்களுக்கு அது பரிசு வாங்கியது போலிருந்தது.

மேசையில் இருந்த அடுக்கு அதே வரிசையில் கணினிக்குள் போய்விட்டது என்பதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை. மேசைக்கு முன் இருப்பவர் மனிதர். மூன்று விதிகளையும் ஒரே பார்வையில் மனதில் வைத்திருப்பவர். எண் ஆறு என்றால் அவர் கை மாத்திரை அடுக்கைத் தாண்டிச் சுவரோரம் போகும். கணினி அப்படிச் செய்யாது. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வரும்; முதலில் எது உண்மையோ அங்கேயே நின்றுவிடும். இன்னும் கீழே இதைவிடப் பொருத்தமான வரி ஒன்று காத்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்காது. ஆறு, பதினொன்றுக்குக் கீழே இருக்கிறதா? இருக்கிறது. மாத்திரை. வேலை முடிந்தது. ஏழுக்குக் கீழே என்ற எங்கள் மூன்றாவது வரியைக் கணினியால் ஒருபோதும் தொடவே முடியாது. அப்படிப்பட்ட எண் அரிதாகத்தான் வரும் என்பதால் அது வெளியிலும் தெரியவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

அன்று கூட்டம் அதிகம். டாக்டரம்மா ஒரு பிரசவத்துக்காக உள்ளே போய்விட்டார். நான் எண்களைச் சொல்ல, ஷகிலா திருப்பிச் சொல்லித் தட்ட, சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து ஒரு வாய் எடுத்ததும் ஷகிலா நிறுத்திவிட்டார்.

"அக்கா, ஆறு புள்ளி ரெண்டுன்னு ஒண்ணு சொன்னீங்கல்ல?"

"ஆமா. செல்வராணி. எட்டு மாசம். மாமியாரோட வந்திருந்துச்சு."

"நானும் ஆறு புள்ளி ரெண்டுன்னு திருப்பிச் சொன்னேன். நீங்க சரின்னீங்க."

"ஆமா, சரிதானே."

"இல்லக்கா. நான் காலையிலேருந்து பெரம்பலூர் சீட்டு ஒண்ணுகூடக் கிழிக்கலையே."

இருவரும் எழுந்து மேசைக்கு ஓடினோம். ஷகிலா கையைக்கூடக் கழுவவில்லை. ஆறு புள்ளி இரண்டு என்று தட்டினார். 'இரும்புச்சத்து மாத்திரை. ஒரு மாதம் கழித்து வரவும்.' மறுபடி தட்டினார். மறுபடியும் அதேதான். எட்டு மாதக் கர்ப்பிணிக்கு அந்த அளவு என்றால், பிரசவத்தில் இழக்கும் சாதாரண ரத்தத்தைக்கூட உடல் தாங்காது. ஒரு மாதம் கழித்து என்றால் அதற்குள் பிரசவமே ஆகிவிடலாம்.

டாக்டரம்மா பிரசவ அறையிலிருந்து கையுறையைக் கழற்றியபடி வந்தார். நின்றே கேட்டார். திரையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அந்த வரிசை நான் சொன்னதுதானே" என்றார் மெதுவாக. ஷகிலாவின் கண்கள் கலங்கின. "அழுவுறதுக்கு நேரம் இல்லம்மா. முதல்ல அந்தப் பொண்ணு எங்கன்னு பாருங்க."

பதிவில் இருந்த தொலைபேசி எண் செல்வராணியின் கணவருடையது. அவர் திருப்பூரில் இருந்தார். "அவகிட்ட போன் இல்லீங்க மேடம். எங்கம்மா சிறுவாச்சூர் போறேன்னு சொன்னுச்சு. மாவிளக்கு போடுறதா வேண்டுதல். ஏன் மேடம், என்ன ஆச்சு?" என்று பதறினார். பயப்பட வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது, நாங்களே அழைத்துப் போகிறோம் என்றேன். சிறுவாச்சூர் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று வெள்ளி என்பதால் கூட்டம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

மருத்துவமனை வண்டியின் ஓட்டுநர் ஞானசேகர். பெரம்பலூரைக் கடந்து வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றினார். பிறகு, "எப்படிக்கா கண்டுபுடிக்கிறது? எல்லாப் பொம்பளையும் மஞ்சச் சேலைதான் கட்டியிருப்பாங்க" என்றார். நான் காலையில் பார்த்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். முகம் வரவில்லை, ஊசி குத்தும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளாமல் ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் மட்டும் வந்தன.

கோயில் வளாகத்திலேயே அரிசியை இடித்து மாவிளக்கு போடுவது அங்கே வழக்கம். உரல்களைச் சுற்றிப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். சிலுவைச் சங்கிலியும் வெள்ளை அங்கியுமாக நான் அவர்களுக்கிடையே நுழைந்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வழிவிட்டார்கள். உலக்கை பிடித்திருந்த மாமியாரை முதலில் கண்டேன். செல்வராணி பக்கத்துத் தூணில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் உலக்கையைக் கீழே வைக்காமலே பேசினார்.

"காலையில மாத்திரைன்னீங்க. இப்ப ஆஸ்பத்திரிங்கறீங்க. கம்ப்யூட்டரு வச்சிருக்கோம்னு பவுசு மட்டும் காட்டுறீங்க. எதைத்தான் நம்புறது?"

"நம்ப முடியாதுதாங்க அம்மா. ஆனா ரத்தம் நான் பாத்தது. அந்த எண்ணுல தப்பு இல்லீங்க. அதுக்கு என்ன பண்ணணும்னு சீட்டு சொன்னதுதான் தப்பு."

"மாவு பாதியில கெடக்கு. விளக்கு போடாம எப்படி வர்றது? இவளுக்காகத்தானே வேண்டிக்கிட்டேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த உரலில் இடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் கையை நீட்டினார். "உலக்கையைக் குடுங்கக்கா. உங்க மாவையும் சேத்து இடிச்சு நான் விளக்கு போட்டுர்றேன். பொண்ணு பேரு மட்டும் சொல்லிட்டுப் போங்க." மாமியார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பேரைச் சொன்னார். உலக்கை கைமாறியது.

வண்டியில் செல்வராணியைப் படுக்கச் சொன்னேன். அவள் படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எப்படித் தப்பு நேர்ந்தது என்றுதான் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். மூன்று வரிகள், கணினி இரண்டாவது வரியிலேயே திருப்தியடைந்துவிட்டது, மூன்றாவதுக்கு வரவேயில்லை என்றேன். அவள் சற்று யோசித்தாள்.

"அப்போ எனக்கு முன்னாடி வந்தவங்களுக்கும் அப்படித்தானே சொல்லியிருக்கும்?"

நான் தொலைபேசியை எடுக்குமுன் அதுவே ஒலித்தது. ஷகிலா.

"அக்கா, கிடைச்சுட்டாங்களா? அல்ஹம்துலில்லாஹ். கேளுங்க. வரிசையை மாத்திட்டேன். ஏழுக்குக் கீழதான் இப்ப முதல் வரி. அதுக்கப்புறம் பதினொண்ணுக்குக் கீழ. மிச்சம் எல்லாம் எல்ஸ். டாக்டரம்மா பக்கத்துலயே நின்னு பாத்தாங்க. மாத்தினதும், ஆரம்பிச்ச நாள்லேருந்து போட்ட எண்ணையெல்லாம் திரும்ப ஓட்டச் சொன்னாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "இன்னொருத்தங்க இருக்காங்க அக்கா. ஜெயந்தி. குரும்பலூர். ஆறு புள்ளி எட்டு. போன வாரம் வந்தவங்க."

கற்றுக்கொள்பவர்களுக்கு நான் எழுத வேண்டியிருந்த பாடம் ஷகிலா சொன்ன அந்த நாலைந்து வாக்கியங்களில் முழுதாக இருக்கிறது. நிபந்தனைகளை எது அதிகம் வரும் என்ற வரிசையில் எழுதக்கூடாது. மிகக் குறுகலான, மிகக் கடுமையான நிபந்தனையை மேலே வைக்க வேண்டும். அகன்றதைக் கீழே வைக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் உரிய எண் ஒன்றையாவது இட்டு, கணினி அந்த வரிக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். தவறைத் திருத்தியதும் பழைய எண்களைத் திரும்ப ஓட்ட வேண்டும். ஏனென்றால் தவறான நிரல் நேற்றே சிலரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

செல்வராணியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா முன்பே பேசியிருந்ததால் கட்டில் தயாராக இருந்தது. புறப்படும்போது அவளுடைய மாமியாரின் கையில் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். வார்டுச் செவிலியரிடமிருந்து அவருடைய எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

குரும்பலூரில் ஜெயந்தியின் வீட்டு முற்றத்தில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயத்தாள் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சீட்டை எடுத்துவந்தார்.

"இதுல மாத்திரைன்னு அச்சடிச்சுல்ல குடுத்திருக்கீங்க. அச்சுல வந்தது தப்புங்கறீங்க. இப்ப வாயால சொல்றது சரிங்கறீங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து இதுவும் தப்பும்பார். நாங்க என்ன பண்றது?"

"அதுவும் சரியான கேள்விதாங்க தம்பி" என்றேன். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் இன்றே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் அசையவில்லை. "ரத்தம் ஏத்துனா கொழந்தைக்கு ஆகாதுங்கறாங்க" என்றாள் ஜெயந்தி, தலையைத் தூக்காமல். பயம் அங்கேதான் இருந்தது. அதற்கு என்னிடம் இருந்த சொற்களெல்லாம் புத்தகத்திலிருந்து வந்தவை. என் அங்கியும் தவறான சீட்டு கொடுத்த அதே மருத்துவமனையின் அங்கி.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். வார்டுச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, அதைச் செல்வராணியிடம் கொடுக்கச் சொன்னேன். ஒலிபெருக்கியை அழுத்தி வெங்காயக் குவியலின் அருகில் வைத்தேன்.

"யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"செல்வராணி, நான் மேரி. நீ கேட்டேல்ல, உனக்கு முன்னாடி வந்தவங்கன்னு? அவங்க வூட்டுல இருக்கேன். வரமாட்டேங்கறாங்க."

வார்டின் இரைச்சலுக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"தங்கச்சி, பேரு என்ன?"

ஜெயந்தி கணவரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஜெயந்தி, எனக்கும் அதே சீட்டுதான் குடுத்தாங்க. எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா ஒரு மாசமா எனக்கு மாடிப்படி ஏற முடியல, பேச முடியல, மாசமா இருந்தா அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். உனக்கு எப்படி இருக்கு?"

ஜெயந்தியின் வெங்காயத்தாள் கிள்ளும் கை நின்றுவிட்டது. கணவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"குடத்தைத் தூக்கினா கண்ணு இருட்டுது" என்றாள் மெல்ல. அவர் அதை அதுவரை கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப வா. எனக்கும் பயமாத்தான் இருக்கு, தனியாப் படுத்துக்கிட்டு. பக்கத்துக் கட்டிலு காலியா கெடக்கு. வேற யாரும் வந்துரப் போறாங்கன்னு அதுல என் பையை வச்சிருக்கேன். இந்த நர்ஸம்மா ரெண்டு தடவை எடுக்கச் சொல்லிருச்சு. சீக்கிரம் வா."

ஜெயந்தி எழுந்து தொட்டியில் கையைக் கழுவினாள். கணவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை எடுத்து அவள் காலருகே போட்டார்.

அந்த இருவருக்கும் உரிய நாளில் நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. அதன் பிறகும் பல ஆயிரம் எண்களை நான் சொல்லி, ஷகிலா திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஆனால் இஃப் என்ற சொல்லைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வருகிறது. ஜெயந்தியை மெதுவாக நடத்திக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தோம். சாளரத்தோரம் செல்வராணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கையில் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் விரிப்பு கலையாமல் இருந்தது. அதன் நடுவே, யாரும் உட்கார்ந்துவிடாதபடி குறுக்கே போட்டிருந்த ஒரு துணிப்பை. எங்களைக் கண்டதும் அவள் மற்றொரு கையை எட்டி நீட்டி, அந்தப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.